மேடு பள்ளம் பார்த்து மனை கோலுங்கள்

பூந்தமல்லியிலிருந்து ஓர் அன்பர் நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். வயது 74. பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்பது அவர் வேண்டுகோள். அவருடைய மகன் குன்றத்தூர்க் குன்றை ஒட்டிய பகுதியில் ஒரு கிரவுண்டு மனை வாங்கியிருக்கிறார். அகலம் 40 அடி, நீளம் 60 அடி. சாலை தெற்கே இருக்கிறது. சாலையோரத்திலிருந்து வடக்கே செல்லச் செல்ல நிலம் சீராக உயர்ந்து, பின் எல்லையில் 5 அடி மேடாக நிற்கிறது.

வாஸ்து பார்த்தவர், "தெற்கு தாழ்ந்து வடக்கு உயர்ந்த மனை ஆகாது, முன்பக்கம் முழுவதும் மண் கொட்டி உயர்த்துங்கள்" என்றாராம். மேஸ்திரியோ, "பின்பக்க மேட்டை வெட்டிச் சாலை மட்டத்துக்குக் கொண்டுவந்தால் வேலை எளிது" என்றாராம். மகனுக்கு இரண்டில் எதையாவது ஒன்றை விரைவாக முடிக்க வேண்டும் என்ற அவசரம். கடிதத்தின் இறுதியில் அந்தப் பெரியவர் எழுதியிருக்கும் வரிகளே என்னை இந்த வாரம் இதைப் பற்றி எழுதத் தூண்டின. அவருடைய மனைவிக்கு இரண்டு முழங்கால்களிலும் வலி. இரண்டு ஆலோசகர்களும் மண்ணைப் பற்றிப் பேசினார்களே தவிர, நாங்கள் இருவரும் அந்த வீட்டில் எங்கே இருப்போம் என்று யாரும் பேசவில்லை என்கிறார்.

நான் பொறியாளன் அல்லேன். வங்கியில் வீட்டுக்கடன் மேசையில் பல ஆண்டுகள் அமர்ந்து, நூற்றுக்கணக்கான வரைபடங்களையும் மதிப்பீடுகளையும் புரட்டிப் பார்த்தவன், அவ்வளவே. அந்த வரைபடங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. காகிதம் சமமாக இருப்பதால் மனையும் சமமாக இருக்கும் என்று எண்ணியே அவை வரையப்பட்டிருக்கும். எந்த மூலை எவ்வளவு உயரம், மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது வரைபடத்தில் இராது. பிறகு கடைக்கால் தோண்டும்போதுதான் நிலம் தன் உண்மையைச் சொல்லத் தொடங்கும். அதற்குள் கடன் தொகை முடிவாகியிருக்கும்.

சரிவு நிலம் என்றதும் உதகையையும் கொடைக்கானலையும் நினைத்துக்கொண்டு, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அம்பத்தூர், ஆவடி அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் பகுதியில் குன்றத்தூரையும் அதைப் போன்ற சில இடங்களையும் தவிர்த்தால் கண்ணுக்குத் தெரியும் சரிவு இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத சரிவு எங்கும் உண்டு. நம் ஊர்கள் ஏரிகளின் ஊர்கள். அம்பத்தூர் ஏரி நிறைந்தால் அதன் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்கும் செல்லும் வகையில் நம் முன்னோர் நிலத்தின் சாய்வை அறிந்து சங்கிலிபோல் கோத்து வைத்தார்கள். ஏரிக் கரைக்குக் கீழே மதகுப் பாசனத்தில் நெல் விளைந்த கழனிகளே பின்னாளில் நகர்களாகவும் அவென்யூக்களாகவும் ஆயின. மதகிலிருந்து திறந்த நீர் தானாகவே ஓடிப் பாயும்படி அமைந்ததுதான் கழனி. அப்படியென்றால் அங்கே கட்டிய ஒவ்வொரு வீடும் சரிவில்தான் நிற்கிறது.

ஊர்ப் பெயர்களே இதைச் சொல்லும். போரூரை அடுத்த ஐயப்பன்தாங்கலில் உள்ள 'தாங்கல்' என்ற சொல்லுக்குச் சிறிய நீர்நிலை என்று பொருள். பெயரில் 'மேடு' என்றிருந்தால் ஓரளவு நிம்மதி. 'பள்ளம்', 'தாங்கல்', 'ஏரிக்கரை', 'மதகு' என்றிருந்தால் மனை வாங்குமுன் கிராம வரைபடத்தையும் பழைய புல எண்ணையும் எடுத்துப் பார்ப்பது நல்லது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் நம் புறநகர்த் தெருக்களில் நீர் நாள்கணக்கில் நின்றதை நாம் அனைவரும் கண்டோம். ஒரே தெருவில் ஒரு வீட்டின் திண்ணையைக்கூட நீர் தொடவில்லை. நான்கு வீடு தள்ளிப் பூஜை அறைப் படங்கள் மிதந்தன. இரண்டு வீடுகளுக்கும் இடையே இருந்த உயர வேறுபாடு ஓரிரு அடிகள்தாம்.

சாய்வை அறிய பெரிய கருவிகள் தேவையில்லை. மேஸ்திரிகளிடம் டியூப் மட்டம் இருக்கும். ஒளி ஊடுருவும் நீண்ட குழாயில் நீர் நிரப்பி, ஒரு முனையைச் சாலையோரக் கம்பத்தில் பிடித்துக்கொண்டு மற்ற முனையை மனையின் ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுசென்றால், எந்த மூலை எத்தனை அங்குலம் உயர்வு என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அந்த அளவுகளை வரைபடத்தின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் எழுதச் சொல்லுங்கள். அவை எழுதப்படாத வரைபடத்தில் அறைகளைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டாம்.

பழைய சிற்ப நூல்களைப் படித்தவர்கள் அறிவார்கள். அவை அறைகளைப் பற்றிப் பேசுமுன் நிலத்தைத்தான் சோதிக்கின்றன. குழி ஒன்றைத் தோண்டி, எடுத்த மண்ணையே மீண்டும் அதில் இட வேண்டும். மண் மிஞ்சினால் உத்தமம், சரியாக இருந்தால் மத்திமம், போதாமல் போனால் அதமம். வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் இன்னொரு சோதனையும் உண்டு. குழியில் நீர் நிரப்பி, நூறு அடி நடந்துபோய்த் திரும்பி வந்து, நீர் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. மண் எவ்வளவு இறுகியிருக்கிறது, நீரை எவ்வளவு விரைவாக உறிஞ்சுகிறது என்பதை அறிய இன்றைய பொறியாளரும் வேறு கருவிகளைக் கொண்டு இதையேதான் செய்கிறார்.

கிழக்கும் வடக்கும் தாழ்ந்த நிலம் சிறந்தது என்று மயமதம் முதலிய நூல்கள் கூறுவது உண்மையே. அதை மறுக்க எனக்குத் தகுதியும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். அவை நிலத்தைத் தேர்ந்தெடுக்கும் இலக்கணம். வாங்குமுன் பார்க்க வேண்டியது. வாங்கிய பின்னர், குன்றின் சரிவையே லாரி மண்ணால் புரட்டிப் போடுங்கள் என்ற பொருளில் அவற்றை எடுத்துக்கொள்வது நூல்களுக்கே நாம் செய்யும் அநீதி என்று எண்ணுகிறேன். மேலேயிருந்து வரும் மழைநீருக்கு நாம் கொட்டிய மண்ணின் சாஸ்திரம் தெரியாது. அது நம் மனையைச் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் நுழையும்.

இப்போது பூந்தமல்லி அன்பரின் மனைக்கு வருவோம். பழக்க தோஷத்தால் நான் முதலில் கணக்கைத்தான் போட்டுப் பார்த்தேன்.

மேஸ்திரி சொன்னபடி மனை முழுவதையும் சாலை மட்டத்துக்கு வெட்டினால், வெளியேற்ற வேண்டிய மண் 6,000 கன அடி. 60 அடி நீளம், 40 அடி அகலம், சராசரி உயரம் இரண்டரை அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 60 யூனிட். மூன்று யூனிட் ஏற்றும் டிப்பர் லாரியில் 20 நடை. மாறாக, முன்பக்கம் மண் கொட்டிப் பின் எல்லை மட்டத்துக்கு உயர்த்தினாலும் அதே 6,000 கன அடி மண்ணை வெளியிலிருந்து விலைக்கு வாங்க வேண்டும். தெற்கை வடக்கைவிட உயர்த்த வேண்டுமானால் அதற்கும் மேல். இதோடு செலவு முடிவதில்லை. வெட்டினால் பின்புறத்திலும், கொட்டினால் முன்புறத்திலும் ஐந்தடி மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவர் வேண்டும். பக்கங்களிலும் மேடு பள்ளத்துக்கேற்ப அது தொடர வேண்டும். கொட்டிய மண் பல மழைக்காலங்கள் கண்டுதான் இறுகும். அதன் மேல் கடைக்கால் நிற்காது. அதைத் துளைத்துக்கொண்டு அடியிலுள்ள இயற்கை மண் வரை தோண்டித்தான் கடைக்கால் போட வேண்டும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. மனையை முன்பாதி, பின்பாதி என 30 அடி வீதம் இரண்டு படிகளாகக் கொள்வது. ஒவ்வொரு படியிலும் மேட்டுப் பக்கத்தில் சிறிது வெட்டி, அந்த மண்ணையே அதன் பள்ளப் பக்கத்தில் நிரப்பிச் சமன் செய்வது. கணக்கிட்டால் ஒரு படிக்கு 375 கன அடி. இரண்டுக்கும் சேர்த்து 750 கன அடி. முன்சொன்னதில் எட்டில் ஒரு பங்கு! லாரி வரவே வேண்டாம். கடைக்கால் மட்டும் நிரப்பிய மண்ணைத் தாண்டி இயற்கை நிலத்தில், படிப்படியாக இறங்கி நிற்க வேண்டும். அதைப் பொறியாளர் பார்த்துக்கொள்வார்.

இது என் கண்டுபிடிப்பு அன்று. மலைநாட்டில் காலங்காலமாக இப்படித்தான் கட்டினார்கள். இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, 1945இல் இந்தியா வந்து, இங்கேயே குடியுரிமை பெற்று வாழ்ந்து 2007இல் மறைந்த லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞரைப் பற்றிச் சில அன்பர்கள் கேள்வியுற்றிருக்கலாம். இமயமலை அடிவாரப் பிதோராகரில் மருத்துவரான தம் மனைவியோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர். பின்னர் திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் பாறை நிறைந்த ஒரு சரிவில், நிலத்தின் போக்கை ஒட்டியே தம் வீட்டைக் கட்டிக்கொண்டார். கட்டடச் செலவைக் குறைப்பது பற்றி எளியவர்களுக்காக அவர் படம் வரைந்து எழுதிய சிறு நூலில் சரிவு நிலத்துக்கான குறிப்பும் உண்டு. வீட்டின் நீண்ட பக்கத்தைச் சரிவுக்குக் குறுக்கே, சம உயரத்தை ஒட்டி அமைத்தால் தோண்டுவதும் நிரப்புவதும் குறையும். சரிவின் போக்கிலேயே நீட்டி வைத்தால் செலவு பெருகும் என்பது அதன் சாரம். நம் அன்பரின் மனை சரிவின் போக்கில் நீண்டிருக்கிறது. அதனால்தான் வீட்டை இரண்டு படிகளாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

பணக் கணக்கு இத்துடன் முடிந்தது. ஆனால் பெரியவர் கேட்டது பணத்தைப் பற்றி அன்று.

இரண்டு படி வீட்டில் இரண்டு தளங்களுக்கும் இடையே இரண்டரை அடி உயர வேறுபாடு வரும். அரை அடி உயரமுள்ள ஐந்து படிக்கட்டுகள். இளைஞர்களுக்கு அது அழகு. கூடத்திலிருந்து ஐந்து படி ஏறிச் சாப்பாட்டு அறைக்குப் போவதை வீட்டு மலர்களில் வண்ணப்படமாகப் போடுவார்கள். முழங்கால் வலியுள்ள ஓர் அம்மாளுக்கு அது நாளொன்றுக்கு இருபது முறை ஏறி இறங்கும் குன்றாகிவிடும். குன்றத்தூரில் முருகனைத் தரிசிக்க 84 படிகள் ஏறும்போது அவன் துணை இருக்கிறான். ஏறி முடித்தால் உட்காரலாம். நள்ளிரவில் கழிவறைக்குப் போக இருட்டில் ஐந்து படி இறங்கும் நிலை வேறு. நம் வயதில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதன்பின் வாழ்க்கை கட்டிலோடுதான் என்பதை நம்மில் பலர் உற்றார் வீடுகளில் கண்டிருக்கிறோம்.

ஆகவே சரிவு நிலத்தில் வரைபடத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்றால், முதியவர்களின் தளத்திலிருந்து என்பேன். படுக்கை, கழிவறை, பூஜை அறை, சமையலறை, வெளியே வந்து காற்றாட உட்கார ஒரு திண்ணை ஆகிய அனைத்தும் ஒரே தளத்தில், இடையில் ஒரு படிகூட இல்லாமல் அமைய வேண்டும். இவற்றுக்கு இடம் ஒதுக்கிய பிறகே கூடம், மகனின் அலுவல் அறை, பேரப்பிள்ளைகளின் அறை, மாடி எல்லாம்.

எந்தத் தளம் என்பது அடுத்த கேள்வி. சாலைக்கு அருகில் இருக்கிறது என்பதற்காகக் கீழ்த்தளத்தை முதியவர்களுக்குக் கொடுப்பதே வழக்கம். நான் அதை ஏற்கவில்லை. தண்ணீர் வந்தால் முதலில் வருவது அங்கேதான். மேலும் நம் பகுதிச் சாலைகள் ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு முன் மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்குள் இன்று ஒரு படி இறங்கிப் போகிறோம். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கி உயர்த்தும் வேலையும் நம் தெருக்களில் நடப்பதைப் பார்க்கிறோம். எனவே முன்பாதியின் தரைமட்டம் சாலையிலிருந்து மூன்றடியாவது உயர்ந்திருக்கட்டும். பின்பாதி அதைவிட இரண்டரை அடி உயர்ந்து ஐந்தரை அடியில் நிற்கும். அதுதான் பெரியவர்களின் தளம்.

அவ்வளவு உயரத்துக்கு எப்படி ஏறுவது? அன்பர் அனுப்பிய அளவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று புலப்பட்டது. 60 அடி நீளத்தில் 5 அடி உயர்வு என்றால், 12 அடிக்கு ஓர் அடி. சக்கர நாற்காலி செல்லும் சாய்தளத்துக்குப் பொறியாளர்கள் விதிக்கும் அளவும் 12 அடிக்கு ஓர் அடிதான். அந்த மனையே ஒரு சாய்தளம்! கிழக்குப் பக்கத்தில் ஐந்தடி அகலம் விட்டு, இயற்கைச் சரிவிலேயே சொரசொரப்பான கல் பாவி ஒரு நடைபாதை அமைத்தால், சாலையிலிருந்து பின்புறம் வரை படியே இல்லாமல் ஏறிவிடலாம். அங்கிருந்து வீட்டின் தரைமட்டம் அரை அடிதான் உயரம். அதற்கு ஆறடிச் சாய்தளம் போதும். பாதையின் நடுவே மூச்சு வாங்கி நிற்க நான்கடிச் சமதளமும் ஒரு கல் இருக்கையும் வேண்டும். அதனால் மற்ற இடத்தில் சரிவு சற்றே கூடும். ஆகவே ஒருபுறமாவது தொடர்ச்சியான கைப்பிடி அவசியம். மேட்டை வெட்டிச் சமன் செய்திருந்தால் இந்த வசதி மண்ணோடு லாரியில் போயிருக்கும்.

பூஜை அறை ஈசானிய மூலையில் அமைய வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். மேல்தளம் வடக்கே இருப்பதால் ஈசானியமும் அங்கேயே வந்துவிடுகிறது. வெள்ளம் வந்தாலும் சுவாமி படங்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. சமையலறைக்கு அக்னி மூலை என்றால் தென்கிழக்கு. அது கீழ்த்தளத்தில் விழும். அம்மாள் ஒவ்வொரு வேளையும் ஐந்து படி இறங்கிச் சமைத்து, நைவேத்தியத்தை ஏந்திக்கொண்டு ஐந்து படி ஏற வேண்டும். வாயு மூலையாகிய வடமேற்கையும் சமையலறைக்கு இரண்டாவது இடமாக வாஸ்து அறிந்தோர் ஒப்புக்கொள்கிறார்கள். அது மேல்தளத்தில் இருக்கிறது. சாஸ்திரமே ஒரு மாற்று வழி காட்டும்போது அதைப் பிடித்துக்கொள்ளத் தயங்க வேண்டாம். தென்கிழக்கில் மின்சார மீட்டரையும் இன்வெர்ட்டரையும் வைத்துவிட்டால் அக்னிக்கு உரியதை அக்னிக்குக் கொடுத்ததாகவும் ஆகும்.

மண்ணை அணைத்து நிற்கும் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. கீழ்த்தளத்தின் பின்சுவர் மேல்தள மண்ணைத் தாங்கி நிற்கும். எவ்வளவு பூசினாலும் மழைக்காலத்தில் அதில் ஓதம் ஏற வாய்ப்புண்டு. அந்தச் சுவரை ஒட்டி யாருடைய கட்டிலும் வரக் கூடாது. மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்குச் சிறிதும் ஆகாது. அலமாரியையோ பண்ட அறையையோகூட அங்கே வைக்காமல், மாடிப்படியையும் கழிவறையையும் அந்தப் பக்கம் தள்ளுவதே நல்லது.

நீருக்கு வழி விடுவது அடுத்தது. திருநின்றவூரில் பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பிய வரலாறு ஆவடிப் பக்கத்து அன்பர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொருள் தேடி அலைந்தும் கிட்டாமல், பொருளையும் தச்சரையும் மனத்தாலேயே தேடி, நன்னாள் பார்த்து அடிநிலை இட்டு, இரவிலும் உறங்காமல் கட்டினார். பல்லவ மன்னன் காஞ்சியில் எழுப்பிய கற்றளியின் குடமுழுக்கைத் தள்ளி வைக்குமாறு இறைவன் கனவில் சொன்னதும் நாம் அறிந்ததே. அதே குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பெருமான் இதைப் பாடும்போது ஒன்றை விடாமல் குறிப்பிடுகிறார். விமானம் முடித்து, சுதை வேலை செய்து, அதோடு நில்லாமல் கிணறும் அமைத்து, மதில் எழுப்பி, குளமும் தோண்டினார் பூசலார். மனத்தில் கட்டும் கோயிலுக்குக் கிணறும் குளமும் எதற்கு என்று அவர் விட்டுவிடவில்லை. நீருக்கு இடம் ஒதுக்காத கட்டடம் அவர் எண்ணத்தில் நிறைவு பெறவில்லை.

நம் வரைபடத்தில் குன்றிலிருந்து வரும் நீரைப் பின் எல்லையிலேயே மறித்து, இருபுறமும் பிரித்துச் சாலைக்கு இறக்கும் வடிகால் வேண்டும். நடைபாதை கடக்கும் இடத்தில் அதற்குப் பலகைக்கல் மூடி. தடுப்புச் சுவர்களில் நீர் கசிந்து வெளியேறத் துளைகளும், சுவரின் பின்னே ஜல்லி நிரப்பலும் வேண்டும். துளையில்லாத தடுப்புச் சுவர் மண்ணை மட்டுமல்லாமல் தேங்கிய நீரின் கனத்தையும் தாங்க நேர்ந்து, ஒரு பெருமழையில் சாய்ந்துவிடும். 2003 முதல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் சரிவு நிலத்தில் அந்த உறிஞ்சு குழியை மேட்டில், சுவருக்குப் பின்னால் தோண்டக் கூடாது. நாமே நம் சுவருக்கு நீர் வார்ப்பதாகிவிடும். பள்ளப் பக்கத்தில், கடைக்காலிலிருந்து விலகி இருக்கட்டும். கழிவுநீர்த் தொட்டியும் கிணற்றுக்கு மேட்டுப் பக்கத்தில் வரலாகாது.

இவை யாவும் மிதமான சரிவுக்கே பொருந்தும். செங்குத்தான மலைச்சரிவு வேறு. 2024 டிசம்பர் 1ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அண்ணாமலையார் மலையின் அடிவாரக் குடியிருப்பில் மண்ணும் பாறையும் சரிந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் ஒரே வீட்டுக்குள் மண்ணில் புதைந்தனர். ஈசனே மலையாக நிற்கும் தலம் அது. அந்த மலையடியிலும் மண் தன் இயல்புப்படிதான் நடந்துகொண்டது. மலைப் புறம்போக்கிலோ, மேலே தளர்ந்த பாறைகள் நிற்கும் இடத்திலோ, நீர் இறங்கும் ஓடையிலோ மனை மலிவாகக் கிடைக்கிறது என்றால், வரைபடம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் வாங்க வேண்டாம். கடன் தர முன்வருகிறார்கள் என்பது மனை பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது. வங்கிக்காரனாக இருந்தவன் சொல்கிறேன்.

கடனைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். வங்கிகள் பணத்தை ஒரே தவணையில் தருவதில்லை. பேஸ்மட்டம், லிண்டல், கூரை, பூச்சு என்று வேலை முடிய முடியத்தான் தருவார்கள். சரிவு மனையில் பேஸ்மட்டம் வருவதற்குள்ளேயே தடுப்புச் சுவரும் வடிகாலும் கையிருப்பை விழுங்கிவிடும். மதிப்பீட்டில் அவை தனித்தனி வரியாக இருக்கின்றனவா என்று கையெழுத்திடுமுன் பாருங்கள். சாய்தளமும் கைப்பிடியும் மதிப்பீட்டில் இல்லையென்றால் அவை என்றைக்கும் கட்டப்படுவதில்லை. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பட்டியலில் முதலில் சேர்வது அவைதாம். வரைபடம் பேசும் நாளில் பெரியவர்கள் தயங்கி உள்ளறையில் இருந்துவிடாமல், மேசையருகே வந்து உட்கார வேண்டும். அந்த அம்மாள் எவ்வளவு உயரப் படியை வலியின்றி ஏறுகிறார் என்பதைப் பொறியாளர் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

பூமி பூஜைக்கு நாள் எப்போது என்றும் அன்பர் கேட்டிருக்கிறார். வாஸ்து புருஷன் கண்விழிக்கும் நாள்கள் ஆண்டுக்கு எட்டு. அவற்றுள் ஐப்பசி 11, கார்த்திகை 8 இரண்டும் மழைக்காலத்தில் வருகின்றன. அடுத்தது தை 12. மகனின் அவசரம் எனக்குப் புரிகிறது. எனினும் இந்த ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் விட்டுவிடச் சொல்வேன். அடைமழை பெய்யும் ஒரு நாளில் மகன் குடையோடு அந்த மனையில் ஒரு மணி நேரம் நிற்கட்டும். நீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாகச் சாலைக்கு இறங்குகிறது என்று பார்த்து, வரைபடத்தின் நகலொன்றில் பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும். அந்தக் குறிப்புகளின்படி வடிகாலையும் தளங்களையும் திருத்திக்கொண்டு தை 12இல் பூஜை போடலாம்.